மார்கழி வெளிச்சத்தில் ஒரு படம்

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கும்போது, "விடுமுறையில் என்ன பார்த்தீர்கள்?" என்று வகுப்பில் கேட்பது நம் எல்லோருக்கும் வழக்கம். சுற்றுலா போன நான்கைந்து பேர் கையை உயர்த்துவார்கள். கல்லணை, பெரிய கோயில், வேளாங்கண்ணி என்று பட்டியல் வரும். எங்கும் போகாதவர்கள் குனிந்துகொள்வார்கள். நான் பணிபுரிவது திருவையாற்றுப் பக்கம் உள்ள ஒரு நடுநிலைப்பள்ளி. எங்கள் வகுப்பில் எங்கும் போகாதவர்கள்தான் பெரும்பான்மை. மார்கழிக் கடைசியும் தை முதலும் சம்பா அறுவடையை நெருங்கும் காலம். வயலை விட்டுவிட்டுப் பிள்ளையைச் சுற்றுலா அழைத்துப்போக எந்தப் பெற்றோருக்கு நேரம் இருக்கும்?

அதனால் மூன்று ஆண்டுகளாக அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுக்கிறேன். வீட்டு வாசலிலிருந்து முந்நூறு அடிக்குள், காலை ஒன்பது மணிக்கு முன், ஒரே ஒரு ஒளிப்படம். அம்மா அப்பாவின் கைப்பேசியில், அவர்கள் அனுமதியோடு எடுக்க வேண்டும். கைப்பேசி கிடைக்காதவர்கள் பழைய நோட்டு அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, அதன் வழியே பார்த்ததை வரைந்து வரலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். சொல்லப்போனால் அட்டைச் சன்னல்காரர்கள்தான் நன்றாகப் பார்க்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும் என்ற தைரியம் அவர்களுக்குக் கிடையாதல்லவா!

முதல் ஆண்டு இதைச் சொன்னதும் வந்த பதில்: "எங்க ஊர்ல என்ன சார் இருக்கு? வயலும் வாய்க்காலும்தான்." கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலருக்கும் இதே பதில் கிடைக்கும். அதற்கு வாயால் மறுமொழி சொல்லிப் பயனில்லை. வெளிச்சத்தைக் காட்ட வேண்டும்.

ஏன் குளிர்காலம்? நம் ஊரில் பனிக்கட்டி விழுவதில்லை, மரங்கள் மொட்டையாக நிற்பதில்லை. ஆனால் சூரியன் தாழ்ந்து போகிறது. தஞ்சாவூரில் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். டிசம்பர் 22 அன்று அதே நண்பகலில் அது ஏறத்தாழ 56 டிகிரி உயரம் வரைதான் ஏறும். அதாவது மார்கழியில் உச்சிவெயில்கூடச் சாய்ந்த வெயில்தான். உதிப்பதும் நேர் கிழக்கில் இல்லை, ஏறத்தாழ 24 டிகிரி தெற்கே தள்ளி. தெற்குப் பார்த்த திண்ணைக்குள் வெயில் நீளமாக நுழையும் காலம் இது. மற்ற மாதங்களில் வெளிச்சமே படாத பொருள்கள், உரல், அம்மி, கதவுத் தாழ்ப்பாள், சுவரில் சாத்திய மண்வெட்டி எல்லாம் பக்கவாட்டு ஒளியில் மேடு பள்ளம் தெரிய நிற்கும். உச்சியிலிருந்து விழும் ஒளி ஒரு பொருளைத் தட்டையாகக் காட்டும். பக்கத்திலிருந்து வரும் ஒளியில் நெல்மணியின் சொரசொரப்பும் தெரியும். ஒளிப்படக் கலையில் பாதிப் பாடம் இதுதான் என்பது என் கருத்து.

இதை மாணவர்களே அளந்து பார்க்கட்டும். ஒரு மீட்டர் குச்சியை மைதானத்தில் செங்குத்தாக நட்டு, ஜனவரி நடுவில் நிழலை அளந்தோம். காலை 7.30 மணிக்கு நிழல் ஏறத்தாழ 5 மீட்டர். 8.30க்கு 2 மீட்டரைச் சற்றுத் தாண்டியது. 9.30க்கு ஒன்றேகால் மீட்டரை ஒட்டி வந்துவிட்டது. ஒரே மணி நேரத்தில் நிழல் பாதிக்கும் கீழே சுருங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு, "ஒன்பது மணிக்கு முன்" என்ற விதிக்குக் காரணம் கேட்டு யாரும் வரவில்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதே எண்களைப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ஏற்றக்கோணக் கணக்காகக் கொடுக்கலாம். இன்னொரு புதிரும் உண்டு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 22இல் வருகிறது. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்றல்ல. டிசம்பர் 22இல் தஞ்சாவூரில் சூரிய உதயம் சுமார் 6.27, ஜனவரி கடைசி வாரத்தில் சுமார் 6.37. காரணத்தை உடனே சொல்லிவிடாமல், நாள்காட்டியிலிருந்து உதய நேரங்களைக் குறித்து வரைபடம் போடச் சொன்னால் நல்ல விவாதம் கிடைக்கும்.

அடுத்தது மூடுபனி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில் டெல்டா வயல்களின் மேல் பனி இறங்குகிறது. மண் ஈரமாக இருக்கிறது. மேகம் இல்லாததால் தரையின் வெப்பம் இரவெல்லாம் மேலே போய்விடுகிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து நீர்த்துளிகளாகிறது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். இதைப் படம் எடுக்கும்போது கைப்பேசி நம்மை ஏமாற்றும். வெள்ளையாக இருக்கும் காட்சியைப் பார்த்ததும், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து அது படத்தை இருட்டாக்கிவிடும். வெண்பனி அழுக்குச் சாம்பலாக வரும். திரையைத் தொட்டால் பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் சரியாகிவிடும். சூரியனுக்கு எதிராக நின்று பனைமரத்தையோ மாட்டுவண்டியையோ கருநிழலாக எடுக்க விரும்பினால் அதையே கீழே இழுக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவிர வேறெந்த நுட்பமும் நான் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் மூன்று கட்டளைகள் உண்டு. லென்ஸைத் துணியால் துடை. பனியில் அது மங்கியிருக்கும். விரலால் விரித்துப் பெரிதாக்காதே. பக்கத்தில் நடந்து போ. முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரை அணைத்துவிடு. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்!

பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உழவு டிராக்டருக்குப் பின்னால் நடக்கும் கொக்குகளையும் நத்தைகுத்தி நாரைகளையும் படம் எடுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசை. கைப்பேசியில் அது வெள்ளைப் புள்ளியாகத்தான் வரும். பறவையைத் துரத்திக்கொண்டு வரப்பில் ஓடுவதைவிட, சேற்றில் அது விட்டுப்போன கால்தடத்தை எடுக்கச் சொல்லுங்கள். தடத்தைப் பார்த்து எந்தப் பறவை என்று சொல்ல எங்கள் ஆறாம் வகுப்பில் நான்கு பேர் இருக்கிறார்கள்.

நெற்பயிருக்கு வருவோம். காலையில் இலை நுனியில் முத்து முத்தாக நிற்கும் நீரை எல்லோரும் பனித்துளி என்கிறோம். உண்மையில் அவற்றில் பல வானத்திலிருந்து வந்தவை அல்ல, வேரிலிருந்து வந்தவை. இரவில் இலைத்துளைகள் மூடியிருக்க, வேர் உறிஞ்சிய நீர் அழுத்தத்தால் மேலேறி, இலையின் நுனியிலும் ஓரத்திலும் உள்ள ஹைடதோடுகள் என்னும் நுண்துளைகள் வழியே வெளியே வருகிறது. இதற்கு நீர் வடிதல் என்று பெயர். உண்மைப் பனித்துளி இலையின் மேற்பரப்பு முழுதும், வரப்புப் புல்லிலும், சிலந்தி வலையிலும், ஏன், சைக்கிள் இருக்கையிலும் கூடப் படியும். வடிந்த நீரோ நுனியில் பெரிய துளியாக நிற்கும். இரண்டையும் தனித்தனியாகப் படம் எடுத்து வரச் சொன்னேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரே இலையில் இரண்டும் இருக்கும் படத்தைக் கொண்டுவந்தான். இலை முழுவதும் பொடிப்பொடியாய்ப் பனி, நுனியில் ஒரே ஒரு பெரிய துளி. அந்தத் துளிக்குள் தென்னைமரம் தலைகீழாக நின்றது. குவிலென்ஸ் பாடத்துக்கு அதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை. துளியை ஒட்டிப் போனால் கைப்பேசிக்குத் தெளிவு கிடைக்காது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். ஒரு சாண் தள்ளி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இப்படி வீட்டை விட்டு நகராமல் குளிர்காலத்தைப் படம் எடுத்தே வாழ்ந்த ஒருவர் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற சிற்றூரின் விவசாயி வில்சன் பென்ட்லி. நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரியில், இருபது வயது நிறைவதற்குச் சில வாரங்கள் முன்பு, பனித்துகள் ஒன்றைத் தனியாகப் படம் பிடித்தார். 1931இல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். எல்லாம் தன் பண்ணையில் விழுந்தவை. அவருக்கு வெண்பனி, நமக்கு நெல்லின் நுனித்துளி.

நம் நாட்டில் மா. கிருஷ்ணனைச் சொல்லலாம். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1912 முதல் 1996 வரை வாழ்ந்த இயற்கையியலாளர், கறுப்பு வெள்ளை ஒளிப்படக்காரர். காட்டு யானைகளைப் படம் எடுத்த அதே மனிதர், வீட்டருகே திரியும் காகம், அணில், மைனா பற்றியும் சலிக்காமல் எழுதினார். ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் இறுதிவரை அவருடைய பத்தி தொடர்ந்து வந்தது. பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு பொருள் சின்னதாகிவிடாது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி தமிழ்நாட்டில் இல்லை.

தஞ்சாவூர் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய ஒளிப்படக்காரர் இன்னொருவர். கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர். 1857 டிசம்பர் நடுவில் புறப்பட்டு நான்கரை மாதம் தென்தமிழ்நாட்டைச் சுற்றினார். அவரும் குளிர்காலத்தைத்தான் தேர்ந்தெடுத்தார் என்பதைக் கவனியுங்கள். மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ்களில் பெரிய கோயிலையும் திருவையாற்றையும் எடுத்தார். பெரிய கோயில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். அசாத்திய உழைப்பு. ஆனால் அவருடைய கோயில் படங்களில் மனிதர்களைக் காண்பது அரிது. காகித நெகட்டிவுக்கு நீண்ட நேரம் ஒளி தேவை, நடமாடும் ஆள் அதில் பதியமாட்டார். கல் நின்றது, பதிந்தது. அன்று காலை அந்த வழியே நெல் சுமந்து போனவர் பதியவில்லை. எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "இப்ப போன்ல பதியுமே சார்" என்றாள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வாசல் கோலத்தில் தொடங்கலாம். மார்கழியில் தெருவுக்குத் தெரு பெரிய கோலம், நடுவே சாணிப் பிள்ளையார், அதன்மேல் பூசணிப் பூ. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதை நின்றுகொண்டு எடுத்தால் கோலம் சப்பையாக வரும். உட்கார்ந்து, தரையோடு தரையாக எடுக்கச் சொல்லுங்கள். பூ பெரிதாகவும் தெரு நீளமாகவும் வரும். படம் வந்த பிறகு கணக்கு. இடுக்குப் புள்ளியில் நடுவரிசை 7, இருபுறமும் குறைந்து 4 வரை என்றால் மொத்தம் எத்தனை புள்ளி? 37. எண்ணித்தான் கண்டுபிடிப்பார்கள், எண்ணட்டும். அதே கோலத்தை எட்டு மணிக்கு மறுபடி எடுத்தால் சைக்கிள் சக்கரம் ஏறிய தடம் இருக்கும். அரிசி மாவுக் கோலமானால் எறும்பு வரிசை இருக்கும், கல்மாவானால் இருக்காது. ஒரு சிறுமி இரண்டு வீட்டுக் கோலங்களையும் எடுத்து வந்து, "இந்த வீட்டுல எறும்புக்குச் சாப்பாடு இல்ல டீச்சர்" என்று எங்கள் பள்ளி ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள்.

இனி மனிதர்களைப் படம் எடுப்பது. இங்கேதான் ஆசிரியர் கவனமாக இருக்க வேண்டும். கேட்காமல் யாரையும் எடுக்கக் கூடாது என்பது முதல் விதி. அது அம்மாவாக இருந்தாலும் சரி. "என்னத்தடா புடிக்கிற, இந்தக் கோலத்தோட" என்று அம்மா சொன்னால், அது மறுப்புதான். வெட்கத்தில் சொல்கிறார் என்று நாமே பொருள் செய்துகொள்ளக் கூடாது. நடவு, களையெடுப்பு செய்யும் பெண்களைத் தூரத்திலிருந்து அழகுக்காக எடுக்கும் படங்கள் நாள்காட்டிகளில் நிறைய உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெண்கள் அத்தை, சித்தி, அப்பாயி. இவர்கள் பக்கத்தில் போய்ப் பேசி எடுக்க முடியும். வகுப்பில் காட்டலாமா, சுவரில் ஒட்டலாமா என்று இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகக் கேட்டு வரச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் போடுவது அறவே கிடையாது, ஆசிரியர் குழுவிலும்தான்.

இந்த இரண்டு கேள்விகள் ஏன் என்பதற்குச் சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி. பொங்கல் முடிந்து அவள் கொண்டுவந்த படத்தில் தார்ப்பாய் போர்த்திய நெற்குவியல். தார்ப்பாய் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. குவியலுக்கு ஓரமாக ஒரு போர்வை, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாதங்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் திரையில் போட்டதும் பின் வரிசையில் சிலர் சிரித்துவிட்டார்கள். அவள், "வேணாம் சார், எடுத்துருங்க" என்றாள். நான் படத்தை மாற்றவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. "இது எத்தனை மணிக்கு எடுத்தது?" என்று மட்டும் கேட்டேன். "ஆறே முக்கால் சார். அப்பாவுக்கு டீ கொண்டு போனேன்." கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு நான்காவது இரவு அது.

சிரித்தவர்களில் ஒருவன்தான் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "ஈரப்பதம் எவ்ளோ இருந்துச்சு?" அவன் வீட்டிலும் நெல் போட்டிருந்தார்கள். அதன்பிறகு அவள் பேசினாள். கருவியில் வைத்துப் பார்த்தால் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பகலில் சாலையில் காயவைத்தால் இறங்குகிறது. இரவுப் பனியில் மறுபடி ஏறுகிறது. மாடு வாய் வைக்காமல் பார்க்க ஆள் வேண்டும். மழை வந்தால் ஓட வேண்டும். ஏறத்தாழ பத்து நிமிடம் நின்றபடி சொன்னாள். அந்த ஆண்டில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கணக்குப் பாடவேளையை அதற்கே கொடுத்துவிட்டேன். 20 சதவீத ஈரமுள்ள 40 கிலோ மூட்டையில் நீர் 8 கிலோ, மற்றது 32 கிலோ. ஈரம் 17 சதவீதமாக இறங்கினால் அந்த 32 கிலோ மொத்த எடையில் 83 சதவீதம். அப்படியானால் மூட்டையின் எடை சுமார் 38.5 கிலோ. பலர் 40இலிருந்து 3 சதவீதத்தைக் கழித்து 38.8 என்று எழுதியிருந்தார்கள். எங்கே வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்க அந்த வேளை முழுவதும் ஆனது. சதவீதக் கணக்கு இவ்வளவு சூடாக எங்கள் வகுப்பில் நடந்ததில்லை.

தலைமையாசிரியர் அந்தப் படத்தை நுழைவாயில் பலகையில் பெரிதாகப் போடலாம் என்றார். அவருக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. மாணவி வீட்டில் கேட்டு வந்தாள். அவளுடைய அப்பா சொன்னது: "வகுப்புல காட்டு, மூஞ்சி தெரியல இல்ல. சுவத்துல வேணாம்." எனவே ஒட்டவில்லை. கண்காட்சிக்கு வந்த பெற்றோர் பார்த்தது பூசணிப் பூவும் தென்னைமரத் துளியும் கரும்புக்கட்டும்தான். அந்த ஆண்டின் மிகச் சிறந்த படம் சுவரில் இல்லை. பலகையில் அதற்கான இடத்தைக் காலியாக விடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். அதுவும் ஒருவகையில் காட்டுவதுதான் என்று எனக்குப் பட்டது. வேண்டாம் என்றேன்.

இந்த ஆண்டு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பள்ளிக்குப் பின்புறம் உள்ள ஒரு வயலை, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எடுக்கிறோம். மதகுக் கட்டையின் மேல் சுண்ணாம்பால் ஒரு குறி. கைப்பேசியை அங்கே வைத்தால் ஒவ்வொரு வாரமும் ஒரே சட்டகம். டிசம்பர் முதல் படத்தில் கதிர் வெளிவரும் பச்சை. ஜனவரியில் தலைசாய்ந்த மஞ்சள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். எனவே அறுவடை இயந்திரம் போன பிறகு வெறும் தாளாகத் தெரியும் வயலில், பக்கத்தில் போய்ப் பார்த்தால் உளுந்து முளைத்திருக்கும். இதைப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க வைப்பதே ஒரு விளையாட்டு. மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் ஜனவரி 28க்குப் பிறகு, சட்டகத்தின் இடது ஓரத்தில் உள்ள வாய்க்கால் தண்ணீர் வாரத்துக்கு வாரம் வற்றும். வாத்து மேய்க்க வருபவர்கள் எந்த வாரம் படத்தில் நுழைவார்கள் என்று பந்தயம் நடக்கிறது.

கடைசிப் படம் எப்போது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. உளுந்து பிடுங்கும் வரை என்று ஒரு கட்சி. ஜூனில் மறுபடி தண்ணீர் வரும்வரை எடுக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஜூனில் அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விடுவார்கள் என்றேன். மதகு அங்கேதானே சார் இருக்கும் என்கிறார்கள்.